நாலாம் கட்டில்

மேஸ்திரியின் தலையில் ஒரு முடி கிடையாது. பதினோரு வருஷமாக இந்த அயல்நாட்டில் கண்ட இடத்திலெல்லாம் புல் வளர்த்தவன், சொந்த மண்டையில் ஒரு கொத்து வளர்க்க வக்கில்லாமல் போய்விட்டேன் என்று அவரே சொல்லி, மற்றவர்கள் சிரிப்பதற்குள் அவரே சிரித்துவிடுவார். முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் வேறு யாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்க முடியாது என்பது அவர் கண்டுபிடித்த ஒரே தொழில் ரகசியம். புல் பாய் விரிப்பது, வேலிச்செடி கத்தரிப்பது, களைக்கொல்லி அடிப்பது எல்லாம் வேறு யாரோ கண்டுபிடித்தவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் கொட்டகையில் பெண் வேஷம் கட்டியிருந்தார். போர்வை தோளில், உரப்பை கைப்பையாகக் கக்கத்தில், மண்வெட்டிக் காம்பு பேனாவாகக் கையில். இரண்டு வரிசை இரும்புக் கட்டில்களுக்கு நடுவே இடுப்பை ஒடித்து நடந்து வந்து, ஒரு கட்டிலின் முன் நின்றார்.

"நெட்டை, எழுந்து நில்லு. கேள்வியம்மா வந்திருக்கேன். உன் பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?"

நெட்டை மேல் கட்டிலிலிருந்து கால்களை ஒவ்வொன்றாக இறக்கினான். இறக்கி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவு கால். "முதலாளி பீரோவுல இருக்கும்மா," என்றான்.

கொட்டகை குலுங்கிச் சிரித்தது.

"போச்சுடா! பதினெட்டுப் பேர் வாயிலயும் ஒரே அள்ளா மண்ணை அள்ளிப் போட்டான் பாரு. டேய், உயரமா வளர்ந்தியே, மேல வரைக்கும் ரத்தம் ஏறுதா இல்லையா? இன்னொரு தரம்."

"என்கிட்டதான் இருக்கும்மா."

"வேலை எப்படி?"

"இங்க எல்லாம் நல்லா இருக்கும்மா."

"அதைச் சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொல்லு. எச்சில் முழுங்காதே. கடைசியில லேசா ஒரு சிரிப்பு. பொண்ணு பார்க்க வந்த இடத்துல சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா பொய் சொல்லுவோம்ல, அந்தச் சிரிப்பு."

கம்பெனி புல் பராமரிக்கும் பெரிய மருத்துவமனை ஒன்றில் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரர்களிடம் வேலை செய்கிறவர்கள் அடைத்துவைக்கப்பட்டவர்களா, மிரட்டப்பட்டவர்களா என்று விசாரித்து, இல்லை என்று தெரிந்தால்தான் அடுத்த வருஷ ஒப்பந்தம். செவ்வாய்க்கிழமை விசாரிக்க ஒரு அம்மா வருகிறாள். உதவி எண் அச்சடித்த ஒரு அட்டைகூட அனுப்பியிருந்தாள், ஆட்கள் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்று. முதலாளி சொன்னபடியே மாட்டிவிட்டார். அந்த அட்டையை மறைத்து உர மூட்டைகளைக் கூரை வரைக்கும் அடுக்கியதும் முதலாளி சொன்னபடியேதான்.

ஒத்திகை கீழ்க்கட்டிலில் இருந்த மாப்பிள்ளையிடம் வந்து நின்றது. மேஸ்திரியின் தங்கையைக் கட்டியவன். ஈரத்துணியைக் கண்ணில் வைத்துப் படுத்திருந்தான்.

"கண்ணுல என்னப்பா?" என்று கேட்டார் மேஸ்திரி. பெண் குரல் பாதியிலேயே சொந்தக் குரலாகிவிட்டது.

மாப்பிள்ளை துணியை எடுத்தான். இடது கண்ணில் கருமணி இருந்த இடம் ஆறிப்போன பால் ஆடை மாதிரி இருந்தது. "பொறந்ததுலேர்ந்தே இப்படித்தாம்மா," என்று பாடம் பிசகாமல் சொல்லிவிட்டு, லேசாகச் சிரிக்கவும் செய்தான்.

இந்த முறை கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் களைக்கொல்லி அடிக்கும்போது குழாய் வெடித்தது. கண்ணுக்குக் கண்ணாடி கேட்டு மூன்று தரம் ஆயிற்று. குழாய் நாலாம் தரத்துக்குக் காத்திருக்கவில்லை. முதலாளி மருந்துக்கடைச் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தார். மருத்துவமனைப் புல்வெளியில் ஒரு நாள் அவனைத் தாண்டிப் போன நர்ஸ் ஒருத்தி நின்று, இமையைப் பிரித்துப் பார்த்து, "இது போச்சு. இன்னொண்ணுலயும் மூட்டம் தெரியுது. இப்பவே வைத்தியம் பார்க்கலைன்னா அதுவும் போயிடும்" என்று கையாலும் முகத்தாலும் சொல்லிவிட்டுப் போனாள். ஊருக்கு அனுப்புங்கள் என்று மேஸ்திரி முதலாளியிடம் கேட்டார். "சீசன் முடியட்டும், மேஸ்திரி. ஒரு கண்ணு இருக்குல்ல? புல்லு என்ன பொடி எழுத்தா?" என்றார் முதலாளி. நல்ல மனுஷர், குரலை உயர்த்தியே பேச மாட்டார்.

மேஸ்திரியால் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஏணி பிடித்து மேல் கட்டிலுக்கு ஏறும்போது மாப்பிள்ளை இரண்டு தரம் கால் தவறி விழுந்திருந்தான். அதனால் பதின்மூன்றாம் நம்பர் மேல் கட்டிலில் இருந்த அவனை, கீழே நாலாம் நம்பருக்கு இறக்கினார். நாலில் இருந்த நெட்டையை மேலே ஏற்றினார். "அங்க படுத்தா என் முழங்கால் கூரையில இடிக்கும்" என்று நெட்டை அழுதான். "இடிக்கட்டும்டா. கூரைக்கும் ஒரு துணை வேணும்ல" என்று சமாதானம் சொன்னார். கம்பெனியில் ஆளுக்குப் பேர் கிடையாது, கட்டில் நம்பர்தான். மறுநாளிலிருந்து நாலு என்று கூப்பிட்டால் மாப்பிள்ளை திரும்பினான், பதின்மூன்று என்றால் நெட்டை. முதலாளி கொட்டகைக்குள் வருகிற வழக்கம் இல்லை, வாடை ஒத்துக்கொள்ளாது.

ஒத்திகை முடிந்து குழாயடியில் கால் கழுவும்போது மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான், செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட் புக்கு எங்க கைக்கு வரும்ல?"

"வரும். காலையில குடுத்து, சாயங்காலம் வாங்கி, எண்ணி பீரோவுல வைக்கணும். கல்யாண வீட்டு இரவல் நகை மாதிரி."

"சாயங்காலம் என் புக்கு வராது. நானும் வர மாட்டேன்." தண்ணீர் சத்தத்துக்குள் பேசினான். "உங்க தங்கச்சி டிக்கெட் போட்டுட்டா. செவ்வாய் சாயங்காலம் பிளேன். என்கிட்ட இல்லாதது புக்கு ஒண்ணுதான்."

மேஸ்திரிக்கு வழுக்கை வியர்த்தது. ஆள் ஒன்று குறைந்தால் உன் புக்கு உனக்குக் கிடையாது என்று முதலாளி அவரிடம் சொல்லி வைத்திருந்தார். பதினோரு வருஷத்தில் அவர் ஊருக்குப் போனது ஒரே ஒரு தரம், தங்கையின் கல்யாணத்துக்கு.

"அந்தம்மா வர்றாளே, அவகிட்டயே சொல்லிடலாமே மாப்பிள்ளை. அதுக்குத்தானே வர்றா?"

"சொன்னா? விசாரணை, எழுத்து, கையெழுத்து. அதுக்குள்ள புக்கு பீரோவுக்குப் போயிடும். எழுதி முடிக்கிறப்போ எனக்கு இந்தக் கண்ணும் இருக்காது. மச்சான், ஒரே ஒரு நாள். கெடுத்துடாதீங்க."

"புல்லு வெட்டுற வேலைதான், ராஜா மாதிரி இருக்கலாம்னு போன்ல சொல்லி உன்னைக் கூப்பிட்டவன் நான்."

"அதுக்குத்தான் உங்ககிட்ட கேக்குறேன்."

மேஸ்திரி ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "சரி," என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை வேன் கிளம்புவதற்கு முன், முதலாளி ஒரு பிஸ்கட் டப்பாவில் பதினெட்டு பாஸ்போர்ட்டுகளையும் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறையில். வெளி அட்டை தெரியும். உறையைச் சுற்றி இறுக்கி ஒட்டிய டேப். டேப்பின் மேல் கட்டில் நம்பர் எழுதிய சீட்டு.

"யாரும் பிரிக்கக் கூடாது. மண்ணுக் கையோட தொட்டு அழுக்காக்கிடுவாங்க. டேப் கிழிஞ்சா எனக்குத் தெரியும்."

வேனுக்குள் மேஸ்திரி அதைப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா ஆக்கினார். "தூக்கத்தில் குறட்டைக்கு முதல் பரிசு, ஏழாம் நம்பர்! கைதட்டுங்கப்பா. மேட்டில் புல் பாயை உருட்டிவிட்டுத் தானும் கூடவே உருண்டதற்கு, பத்தாம் நம்பர்!" இரண்டு மூன்று வருஷமாகத் தங்கள் பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்க்காதவர்கள் வாங்கி முகர்ந்து பார்த்தார்கள். ஒருவன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். 'பதின்மூன்று' என்றதும் நெட்டை நீண்ட கையை நீட்டினான். 'நாலு' என்றதும் மாப்பிள்ளை வாங்கி, விரலால் ஓரங்களைத் தடவிப் பார்த்து, சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

கேள்வியம்மா நல்லவளாக இருந்தாள். அதுதான் பெரிய இம்சை. வாட்டசாட்டமாக, வெயிலில் முகம் சிவந்து, மருத்துவமனையில் ஆட்களுக்குத் தண்ணீர்ப் பாட்டில் வாங்கி வைத்துக் காத்திருந்தாள். முதலாளி பக்கத்தில் இருக்கக் கூடாது என்று முதலிலேயே அவரை அனுப்பிவிட்டாள். ஆட்களின் மொழி அவளுக்குத் தெரியாது, அவள் மொழி ஆட்களுக்குத் தெரியாது. மொழிபெயர்க்க வருவதாகச் சொன்னவன் வரவில்லை. அதனால் இரண்டும் தெரிந்த ஒரே ஆளை உதவிக்கு உட்காரச் சொன்னாள். மேஸ்திரி உட்கார்ந்தார். பூட்டு சரியாக இருக்கிறதா என்று பூட்டையே கேட்ட கதைதான்.

ஒவ்வொருவராக வந்தார்கள். பாஸ்போர்ட் யாரிடம் என்று அவள் கேட்டாள். எல்லாரும் பையிலிருந்து உறையை எடுத்துக் காட்டினார்கள். அவள் படிவத்தில் 'ஆவணம் தொழிலாளியின் கையில் உள்ளதா' என்றுதான் இருந்தது. உள்ளது, ஒரு டிக். பாஸ்போர்ட்டின் வெளி அட்டை எல்லாருக்கும் ஒரே நிறம். டேப்பைக் காட்டி எதற்கு என்று ஒரு தரம் கேட்டாள். "மண்ணு வேலைம்மா, அழுக்காகக் கூடாதுன்னு நாங்களே ஒட்டிக்கிட்டோம். என் தலைக்கும் ஒண்ணு ஒட்டியிருந்தா முடி தங்கியிருக்கும்" என்றார் மேஸ்திரி. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அடுத்த ஐந்து பேர் தேறிவிட்டார்கள்.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும் அவள் பேனாவை மூடி வைத்தாள். கண்ணைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவனைப் பார்க்காமல் மேஸ்திரியைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சுன்னு கேக்குறாங்க, மாப்பிள்ளை."

"பொறந்ததுலேர்ந்தே."

"நம்புற மாதிரி தெரியலை. உண்மையைச் சொல்லிடவா?" முகத்தில் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார் மேஸ்திரி. "நல்லவளா இருக்காடா."

"பஸ்ஸு ரெண்டரைக்கு, மச்சான்." மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "உங்க தங்கச்சி மேல ஆணையா சொல்லுங்க, பொறந்ததுலேர்ந்தேன்னு."

மேஸ்திரி அதையே அவள் மொழியில் சொன்னார். அவள் பேனாவைத் திறக்காமலே கைப்பையைத் திறந்தாள். பிறகு ஒரு சின்ன அட்டையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், யாருக்கும் தெரியாது என்றாள். கடைசிக் கேள்வி: இங்கே எப்படி?

"இங்க எல்லாம் நல்லா இருக்கும்மா."

டிக்.

இரண்டு மணிக்கு, துவைக்கிற கட்டடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே, இரண்டு பேரும் சட்டையைக் கழற்றினார்கள். ஆட்களின் பச்சைச் சட்டை முதுகில் 'உங்கள் பசுமை எங்கள் பொறுப்பு' என்று சாண் உயர எழுத்து இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு எங்கும் போக முடியாது. மேஸ்திரிக்கு மட்டும் வெள்ளைச் சட்டை. அது மாப்பிள்ளைக்குக் கூடாரம் மாதிரி இருந்தது. பச்சைச் சட்டை மேஸ்திரியின் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"பரவாயில்லை. என் தொந்திக்கும் கொஞ்சம் காத்து வேணும்," என்றார்.

பைகளிலிருந்த இரண்டு உறைகளும் இடம் மாறிவிடுமோ என்று அவருக்குப் பதைப்பு. வெளிச்சத்தில் பிடித்துச் சீட்டைப் படித்தார். ஒன்று என்பது தன்னுடையது. நாலு என்பதை மாப்பிள்ளையின் பையில் வைத்து, பொத்தானைத் தானே போட்டு, மேலே இரண்டு தட்டுத் தட்டினார்.

"போய்ச் சேர்ற வரைக்கும் பிரிக்காதே. கிழிச்சு எங்கயாவது தவறவிட்டுடாதே. அங்க கவுண்டர்ல கேக்கும்போது பிரிச்சாப் போதும்."

கம்பெனி கொடுத்த போனை மாப்பிள்ளை அவரிடம் நீட்டினான். அது இருக்கும் இடம் முதலாளிக்குத் தெரியும். "உங்ககிட்டயே இருக்கட்டும். நான் இங்கதான் எங்கயோ செடிக்குள்ள இருக்கேன்னு காட்டும்."

பக்கவாட்டுக் கேட்டில் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் கும்பலாக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வலது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு கிழவரின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில், கூட வந்தவன் மாதிரி நடந்தான். அந்த வெள்ளைச் சட்டை கேட்டைத் தாண்டும் வரைக்கும் மேஸ்திரி மூச்சு விடவில்லை. தாண்டியதும் சிரித்தார். யாரும் முந்திக்கொள்ளப் பக்கத்தில் இல்லை, வெறுமனே சிரித்தார். பதினோரு வருஷத்தில் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அது என்று அவருக்குப் பட்டது.

ஐந்தரை மணிக்கு முதலாளியின் அறையில் பிஸ்கட் டப்பாவை மேஜையில் வைத்தார். வெளியே குழாயடியில் ஆட்கள் கால் கழுவும் சத்தம் கேட்டது.

"அந்தம்மா இப்பதான் போன் பண்ணாங்க," என்றார் முதலாளி. "நாம பாஸ். உங்க மேஸ்திரி மாதிரி ஒரு ஆள் கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்னு சொன்னாங்க." பிறகு பச்சைச் சட்டையைப் பார்த்தார். தொப்புளைப் பார்த்தார். டப்பாவைத் தன் பக்கம் இழுத்து உறைகளை எண்ணினார். கோபமே வரவில்லை. "பதினேழு. யாரு, தங்கச்சி வீட்டுக்காரனா?"

மேஸ்திரி டப்பாவைப் பார்த்தார். தன்னுடையதும் அந்தப் பதினேழில் இருந்தது. வைத்துக்கொள்ளட்டும். பத்து நிமிஷம் அறையட்டும், பத்து வருஷம் வைத்துக்கொள்ளட்டும். பிளேன் ஏழு மணிக்கு.

முதலாளி நோட்டைப் பிரித்தார். "எது இல்லை? நாலு. நாலு யாரு..." விரல் வரியில் ஓடி நின்றது. புருவம் ஏறியது. "நாலு நெட்டைதானே? வெளியே கால் கழுவுறானே அவன்?"

மேஸ்திரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது ஜன்னல் வழியே நெட்டையைப் பார்த்தார்.

முதலாளி பதின்மூன்றாம் நம்பர் உறையைத் தேடி எடுத்தார். நகத்தால் டேப்பைக் கிழித்தார். பிரித்து மேஜையின் மேல் மேஸ்திரியின் பக்கமாகத் திருப்பி வைத்தார். போட்டோவில் மாப்பிள்ளை இருந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, இரண்டு கண்ணையும் நன்றாக விரித்துக்கொண்டு, கல்யாணமான புதிதில் எடுத்த படம்.

"கட்டிலை மாத்தினியா?"

"ஏணி ஏற முடியலைங்க அவனால."

"சீட்டை மாத்தச் சொல்லலையே நீ." முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "என்னா வேடிக்கை மேஸ்திரி! உன் வேடிக்கையிலயே இதுதான் முதல் பரிசு. இந்நேரம் கவுண்டர்ல நிப்பான். டிக்கெட் இவன் பேருல, புக்கு நெட்டை பேருல, மூஞ்சி புக்கோட ஒட்டாம."

மேஸ்திரி இரண்டு கையையும் கூப்பினார். "ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க முதலாளி. கைதவறிடுச்சு, உங்க ஆளுதான்னு சொல்லுங்க. கால்ல விழறேன். உள்ள வெச்சாங்கன்னா யாரு அவனுக்குக் கண்ணு பார்ப்பாங்க?"

"என்னன்னு சொல்லச் சொல்றே? ஆளுங்க புக்கு அவங்கவங்க கையிலதான் இருக்குன்னு காலையில நீதானே சொன்னே. பதினெட்டு டிக் வாங்கியிருக்கே. இப்ப நெட்டை புக்கு இவன்கிட்ட இருந்தா, இவன் திருடினான்னுதானே அர்த்தம்? நானா எடுத்துக் குடுத்தேன்?" முதலாளி உறைகளை அடுக்கி பீரோவில் வைத்தார். மாப்பிள்ளையின் புக்கையும் சேர்த்து வைத்தார். சாவியைத் திருப்பினார். "அவன் புக்கு போன விஷயத்தை நெட்டைகிட்ட நீயே சொல்லிடு. சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவியே."

மேஸ்திரியின் இடுப்பில் போன் அடித்தது. அவருடையது இல்லை, மாப்பிள்ளை விட்டுப்போனது. எடுத்துப் பார்த்தார். தங்கை.

"எடு," என்றார் முதலாளி. "சத்தமா போடு."

"என்னங்க," என்றது தங்கையின் குரல், ஓடி வந்து பேசுவது போல. "உள்ள போயிட்டீங்களா? போனை அணைக்கச் சொல்றதுக்குள்ள ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு கூப்பிட்டேன். கண் டாக்டர்கிட்ட நாளைக்கு மத்தியானத்துக்குச் சொல்லி வெச்சிட்டேன். என்னங்க?"

"நான்தாம்மா. அண்ணன்."

"அண்ணா! நீங்களா? அவர் எங்க? அனுப்பிட்டீங்கல்ல? அங்க ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

முதலாளி பீரோவின் மேல் சாய்ந்து நின்று, சொல்லு என்பது போல் முகவாயை அசைத்தார். ஜன்னலுக்கு வெளியே நெட்டை தண்ணீரைக் காலால் அடித்து யார் மேலோ தெளித்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"இங்க எல்லாம் நல்லா இருக்கும்மா," என்றார் மேஸ்திரி. எச்சில் முழுங்கவில்லை. கடைசியில் லேசாக, சொல்லிக்கொடுத்தபடியே, சிரித்தார்.